கல்லா, தகரமா?

ஜனவரி 3, புதன்
வெறும் வயிற்றில் சர்க்கரை: 148

இந்த நோட்டு டாக்டர் கொடுத்தது. தினமும் காலையில் சர்க்கரை அளவையும், அன்று தின்றதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுத வேண்டுமாம். ஞாயிறுதோறும் மெட்டில்டா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். புன்னைத்துறை ஆற்றுவாயில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டாக முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். (அதில் பாதிக் காலம் கப்பலே வரவில்லை. ஆனாலும் ஆபீசுக்குத் தவறாமல் போனேன்.) என் சாப்பாட்டுக்கு இப்போது என் பெண்டாட்டி கையெழுத்து. தலையெழுத்து, வேறென்ன.

இருபது பக்கம் எழுதினாலும் நோட்டு தீராது என்பதால் மற்ற விஷயங்களையும் எழுதலாம் என்றிருக்கிறேன்.

இன்று துறைமுக ஆபீசிலிருந்து ஹேமலதா என்று ஒரு பெண் வந்தாள். புது உதவிப் பொறியாளர். ஆற்றுவாயில் செத்துக் கிடக்கும் நம் பதினாலு கப்பல்களையும் பார்க்க இப்போது வெளியூரிலிருந்து கூட்டம் வருகிறதாம். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் துருப்பிடித்த இரும்பில் சாய்ந்து நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டிக்கொள்வதற்கு முன்பே கப்பல் தரை தட்டிய இடத்தைப் பார்த்துவிடுவது நல்லதுதான். அங்கே ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். இந்தக் கப்பல் மயானத்தின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று கேட்டாள். "உங்கள விட்டா இதச் சொல்ல ஆளில்ல சார்" என்றாள். விவரமான பெண்.

ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்திருந்தாள். விருந்தாளிகளுக்கு ஆகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

சாப்பிட்டது: இட்லி மூன்று, மதியம் மீன்குழம்பும் கைப்பிடிச் சோறும். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 4, வியாழன்
சர்க்கரை: 203

மெஷின் சரியில்லை.

வரலாற்றை ஆரம்பித்துவிட்டேன். ஒரே மூச்சில் ஒன்பது பக்கம். இப்படி ஒரு கை எனக்கு இருக்கிறதென்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

முதலில் தட்டியது 'கமலவல்லி', நிலக்கரி ஏற்றி வந்த கப்பல், 1983. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அடைத்துக்கொண்ட மணலைத் தோண்ட 1984-இல் மண்வாரிக் கப்பல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நான்கு மாதம் இரவு பகலாகத் தோண்டி, தோண்டியதையெல்லாம் தன் பின்பக்கமே கொட்டி, ஐந்தாவது மாதம் திரும்பிப் போக வழியில்லாமல் தானும் உட்கார்ந்துவிட்டது. மண்வாரியை இழுக்க ஓர் இழுவைக் கப்பல் வந்தது. வடம் அறுந்து இன்ஜினில் சுற்றி அதுவும் நின்றுவிட்டது. அதன் இன்ஜினைத் தூக்கக் கிரேன் கட்டிய மிதவை ஒன்று வந்தது. தூக்கியது. தூக்கிய இன்ஜினோடு கிரேனும் மிதவையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போயின. அதற்குப் பிறகு யாரையும் அனுப்பவில்லை.

இந்த நான்கும் குறுக்கே கிடந்ததால் உள்ளே அலையே இல்லாமல் போய்விட்டது. ஓட்டம் நின்றுபோன பாய்த்தோணிகள் ஐந்தைக் கொண்டுவந்து இங்கே கட்டினார்கள். முதலாளி ஒருவர் இரண்டு கப்பல்களை "ஒரு வாரம் நிக்கட்டும்" என்று விட்டுப் போனார். 1991-இல் சொன்ன ஒரு வாரம். பழைய சுங்கப்படகு ஒன்று, விசைப்படகு இரண்டு. ஆக மொத்தம் பதினாலு.

சாப்பிட்டது: கோதுமைத் தோசை. விருந்தாளி யாரும் வரவில்லை.

ஜனவரி 6, சனி
சர்க்கரை: 187

சாயங்காலம் வழக்கம்போல் கஸ்பார் மச்சான் சீட்டாட வந்தார். மெட்டில்டாவுக்கு அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒரு காலத்தில் கப்பலில் சுக்கானி, அதாவது சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கிறவர். பிறகு முப்பது வருடம் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்தார். விரல் முட்டிகளெல்லாம் புடைத்துப் போயிருக்கும். சீட்டைப் பிடிப்பதற்கே கஷ்டப்படுவார், ஆனாலும் என்னைத் தோற்கடித்துவிடுவார்.

பலகை விஷயம் அவருக்கும் எட்டியிருக்கிறது. முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தார். மூன்றாவது ஆட்டத்தில் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ளே, அந்தப் பலகை கல்லா, தகரமா?"

தெரியவில்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை முடித்தார்.

இந்த உப்புக்காற்றில் தகரம் இரண்டு வருடம் தாங்காது. ஊர்ப்பெயர் எழுதிய தகரப் பலகையில் இப்போது 'புன்' மட்டும்தான் மிச்சம். கல் என்றால் நம் கல்லறை வரைக்கும் நிற்கும். அதை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

சாப்பிட்டது: சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஜனவரி 7, ஞாயிறு
சர்க்கரை: 190

மெட்டில்டா படித்துவிட்டாள். கையெழுத்துக்குக் கீழே "பீரோ சாவி எங்கே?" என்று எழுதியிருக்கிறாள்.

ஜனவரி 9, செவ்வாய்
சர்க்கரை: 151

மற்ற பதின்மூன்று கப்பல்களும் முடிந்தன. இன்று 'கமலவல்லி'. விசாரணை அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. அதிலிருப்பதை அப்படியே எழுதினேன்: "சுக்கானி கஸ்பாரின் கவனக்குறைவால் கப்பல் மணல்திட்டில் ஏறியது." அறிக்கையில் இருப்பதைத்தான் வரலாறு சொல்ல முடியும். சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை. அன்றைக்கு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமும் இல்லை. 1983 மே 20, காலை 7.40, வடகிழக்கிலிருந்து லேசான காற்று, கடல் ஏற்றம் முடிய இருபது நிமிடம் இருந்தது. இவ்வளவுதான் ஞாபகம்.

மெட்டில்டாவிடம் வாசித்துக் காட்டினேன். மண்வாரிக் கப்பலுக்குச் சிரித்தாள். 'கமலவல்லி' வந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். மதியக் குழம்பில் உப்பே இல்லை. கேட்டதற்கு, உங்களுக்கு ரத்தக்கொதிப்பும் இருக்கிறதே என்றாள்.

ஜனவரி 11, வியாழன்
சர்க்கரை: 144

துறைமுக ஆபீசுக்குப் போனேன். தகரப் பலகைதான் இடத்துக்குப் பொருத்தம், எடை குறைவு, வண்ணம் அடிக்கலாம், வேண்டும்போது கழற்றலாம் என்று ஹேமலதாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கல் வந்து இறங்கிவிட்டது என்று ஜன்னல் வழியாகக் காட்டினாள். ஆளுயரக் கருங்கல். எழுத்து வெட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்துநாலு பக்கத்தையும் கொடுத்தேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லில் பத்து வரிதான் பிடிக்குமாம். எல்லாரும் கேட்பது முதல் கப்பல் ஏன் தட்டியது என்பதைத்தான், அது கட்டாயம் இருக்க வேண்டும் என்றாள். சுருக்கித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 12, வெள்ளி
சர்க்கரை: 149

ஹேமலதாவுக்குப் போன் செய்து, அன்று திடீர்ச் சுழற்காற்று அடித்ததாக எழுதலாமா என்று கேட்டேன். பழைய வானிலைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டாளாம். காற்று லேசு. நீரோட்டம்? அதுவும் லேசு. அந்தக் காலத்தில் ஆற்றுவாயில் பெரிய மீன்கள் உலாவின என்று ஆரம்பித்தேன். "சார், நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஜனவரி 15, திங்கள்
சர்க்கரை: 146

பொங்கல். கடல் உள்வாங்கும் வற்றம் காலையிலேயே வந்துவிட்டதால் கப்பல்கள் வரை நடந்தே போகலாம். ஹேமலதா பார்க்க வேண்டும் என்றாள். கஸ்பார் மச்சானும் வந்தார். அந்தக் கப்பல்களுக்கிடையில் அவர் நடப்பதைப் பார்க்க வேண்டும், ஏதோ சொந்தத் தெருவில் நடப்பது போலிருக்கும். எந்தத் துளைக்குள் எந்த நண்டு குடியிருக்கிறது என்பது வரை சொன்னார். மண்வாரிக் கப்பலின் கதையை நான் முப்பத்துநாலு பக்கத்தில் எழுதியதைவிட நன்றாகச் சொன்னார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

'கமலவல்லி' அடிக்கு வந்ததும் அவள் கேட்டாள், இது எப்படித் தட்டியது என்று.

"நாந்தாம்மா தட்ட வச்சேன்" என்றார். "சுக்கானி நான். தப்பு என்னுது."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒன்றும் இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். நான் குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிறையச் சேறு.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் வந்து, அடுத்த மாதம் பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளையெல்லாம் பலகையைப் படிக்கக் கூட்டி வருகிறார்களாம் என்றார். பிறகு கேட்டார்: "கல்லுன்னுதான் சொல்லுதாங்க, என்ன?"

ஆமாம் என்றேன்.

"தகரம்னா பரவாயில்ல" என்றார். பிறகு சர்க்கரைப் பொங்கல் நன்றாக வந்ததா என்று விசாரித்தார்.

சாப்பிட்டது: சர்க்கரைப் பொங்கல் இரண்டு கிண்ணம். வாய்க்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்
சர்க்கரை: 212

ஒளிவுமறைவில்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதுகிறேன்.

மக்ரூன் பெட்டி நான்கு நாளில் தீர்ந்தது. நான்தான் தின்றேன்.

அடுத்தது. நம் ஆற்றுவாயில் உள்ளே வரும் கப்பலுக்கு வழி ஒன்றே ஒன்று. கடலிலிருந்து பார்த்தால் அந்தோனியார் கோயில் சிலுவையும், உப்பளத்து ஓரத்தில் தனியாக நின்ற ஒற்றைப் பனையும் ஒரே நேராகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் அடியில் ஆழம் இருக்கிறது. கொஞ்சம் விலகினாலும் மணல். பைலட்டின் வித்தை முழுக்க அதுதான், அதற்குத்தான் சம்பளம்.

1983 மே 11 எனக்குக் கல்யாணம். பந்தலுக்குக் கால் வேண்டும். அண்ணனாக எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடிய கஸ்பார் மச்சான், உப்பளத்துப் பக்கம் ஒரு பனையை வெட்டிக்கொள்ளட்டுமா என்று என்னிடம் வந்து கேட்டார். நான் புதுச் சட்டைக்குப் பித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "எதுனாலும் வெட்டுங்க மச்சான்" என்றேன். எந்தப் பனை என்று கேட்கவில்லை. அந்தப் பனையின் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் கல்யாண விருந்து சாப்பிட்டேன்.

கல்யாணம் முடிந்து அவர் தூத்துக்குடி போய்க் கப்பலேறினார். ஒன்பதாம் நாள் அதே 'கமலவல்லி'யில் வந்தார். ஆற்றுவாய்க்கு வெளியே படகில் போய் நான் ஏறினேன். சக்கரம் அவர் கையில். கேப்டன் மூலையில் உட்கார்ந்து, கல்யாண வீட்டிலிருந்து நான் கொண்டுபோன இடியாப்பத்தையும் சொதியையும் தின்றுகொண்டிருந்தார், தலையே தூக்கவில்லை.

கஸ்பார்தான் முதலில் பார்த்தார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மாப்ளே, பனையக் காணோம்" என்றார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வெட்டியது எது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

நான் அப்போதே கப்பலை நிறுத்தியிருக்கலாம். நங்கூரம் போட்டிருக்கலாம். ஆனால் படகுத்துறையின் முனையில் மெட்டில்டா நின்றாள். சிவப்புப் பட்டு. கல்யாணமாகி ஒன்பது நாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி எனக்கு ஆட்டினாள். அத்தனை பேர் முன்னால், வெட்கம் பார்க்காமல். எனக்கு எதுவும் ஓடவில்லை. நானும் கையை ஆட்டினேன். இவளுக்கு முன்னால் கப்பலை நிறுத்தி, மரத்தைக் காணோம் என்று தேடுவதா? தள்ளி இன்னொரு பனை நின்றது. அதைச் சிலுவைக்கு நேராக வைத்தேன். "எனக்குத் தெரியும் மச்சான். அப்படியே பிடிங்க" என்றேன்.

அப்படியே பிடித்தார். 7.40-க்கு ஏறியது.

விசாரணையில் நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்பார், தான் தவறாகத் திருப்பிவிட்டதாகச் சொல்லிவிட்டார். திறப்பதற்குள் என்று எழுதுகிறேன். அன்று முழுக்க நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை. கப்பலில் வேலை செய்ய உரிமம் தரும் அவருடைய கடல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதோடு அவரைக் கப்பலில் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. நான் பைலட்டாகவே இருந்து ஓய்வுபெற்றேன். நாற்பத்தோரு வருடமாக வாரம் மூன்று நாள் எதிரே உட்கார்ந்து சீட்டாடுகிறேன். ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. இவ்வளவுதான் நான். எனக்கு என்னை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 17, புதன்

இன்று எழுதுவது மெட்டில்டா. ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை.

சர்க்கரை 158. பீரோ சாவி என்னிடம் இருக்கிறது.

எனக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். என் அண்ணன் சக்கரத்தைத் தவறாகத் திருப்புகிற ஆள் இல்லை, ஊரில் எல்லாருக்குமே அது தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று நானும் அவனும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாகக் கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று போகுமிடமெல்லாம், என் பெண்டாட்டி சிவப்புப் பட்டு உடுத்தி ஆசையாகக் கை காட்டினாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் சந்தோஷப்படுகிறீர்களே என்று விட்டுவிட்டேன்.

நான் தோணிக்காரர் வீட்டுப் பெண். கப்பல் எங்கே வருகிறது என்று கரையிலிருந்தே தெரிந்தது. வராதீங்க, தள்ளிப் போங்க என்றுதான் இரண்டு கையையும் ஆட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஆட்டினீர்கள்.

போய் அண்ணனிடம் பேசுங்கள்.

ஜனவரி 18, வியாழன்
சர்க்கரை: பார்க்கவில்லை.

நேற்று முழுக்க எழுதும் நிலையில் நான் இல்லை. நாற்பத்தோரு வருடத்து நினைப்பை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டாள்.

காலையில் கஸ்பார் மச்சான் வீட்டுக்குப் போனேன். வலையில் பிரிந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். கல்லில் என் பெயரைப் போடப் போகிறேன் என்றேன். அதற்கு அவர் கோபித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மரத்தை வெட்டியது தான்தான், சுக்கானி கண்ணுக்குத் தெரியாத அடையாளமா, அரிவாளை ஓங்கும்போது புத்தி எங்கே போயிற்று என்று தன்னையே வைதார். வெட்டச் சொன்னது நான் என்றேன். சொன்னாலும் தான் பார்த்து வெட்ட வேண்டாமா என்றார். காணோம் என்று நீங்கள் சொன்னபிறகும் போனது நான் என்றேன். அரைமணி நேரம் இரண்டு கிழவர்களும் தப்பு என்னுது, தப்பு என்னுது என்று சண்டை போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து எதைப் பங்கு பிரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவர் போனதும் மச்சான் வலையைக் கீழே வைத்தார்.

"பழியத் தூக்குனது எனக்குக் கனக்கல மாப்ளே. தங்கச்சி புருசனுக்குத்தான தூக்குனேன். ஒரு நாளாவது நீரு அதப் பேசுவீருன்னு பாத்தேன். சீட்டு கலைக்கையில எல்லாம் பாத்தேன். அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டேன் மச்சான் என்றேன். சரி சரி என்று முதுகில் தட்டினார். அந்த முட்டிகள் பட்டால் வலிக்கிறது.

ஜனவரி 22, திங்கள்
சர்க்கரை: 139

ஹேமலதாவிடம் பத்து வரியைக் கொடுத்தேன். படித்துவிட்டுப் பழைய அறிக்கையை எடுத்துப் புரட்டினாள். அறிக்கையில் வேறு மாதிரி இருக்கிறதே என்றாள். அறிக்கை தவறு, அப்போது கப்பலில் நின்றவன் நான் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் கொடுத்தேன். இன்னும் மேலே இரண்டு இடத்தில் கேட்க வேண்டும், ஆனால் தான் விடமாட்டேன் என்றாள்.

இடம் போதவில்லை என்று மண்வாரிக் கப்பலின் கதையை நானே வெட்டினேன். இது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு
சர்க்கரை: 133

காலைப் பூசை முடிந்து எல்லாரும் ஆற்றுவாய்க்கு வந்துவிட்டார்கள். சாமியார் கல்லின்மேல் தீர்த்தம் தெளித்தார். ஹேமலதா துணியை விலக்கினாள். ஊர் முழுக்கப் படித்தது. யாராவது காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். ஒருவருமே ஆச்சரியப்படவில்லை. ஐஸ் கம்பெனி மேனேஜர் மட்டும் என் தோளைத் தட்டி, "இப்பவாவது எழுதுனீங்களே" என்றார். மெட்டில்டா அந்தப் பழைய சிவப்புப் பட்டை உடுத்தி வந்திருந்தாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். இது எந்த அர்த்தத்தில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டம் கலைந்தபிறகு கஸ்பார் மச்சான் கல்லுக்கு முன்னால் தனியாகப் போய் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். மூன்றாவது வரி: 'அடையாளப் பனை இல்லாதது தெரிந்தும் பைலட் தொபியாஸ் நிறுத்தாததால் கமலவல்லி மணலில் ஏறியது.' அதை வேகமாகக் கடந்துவிட்டார். நான்காவது வரியில் விரல் நின்றது.

'சுக்கானி கஸ்பார் சொன்னபடி சரியாகப் பிடித்தார்.'

அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு முட்டியால் அதன்மேல் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"கல்லுதான்" என்றார்.

பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

சாப்பிட்டது: மக்ரூன் ஆறு. கஸ்பார் மச்சான் கொடுத்தார், அங்கேயே நின்று தின்றேன்.

படித்தேன். ஆறு அதிகம். மன்னித்தேன்.
— மெட்டில்டா